வசனத்தை மட்டும் போடாதீர்கள், அதிகாரத்தையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஆன்மிகப் பக்கத்தில் எல்லாச் சமயத்தாருக்கும் இடம் கொடுக்கிறீர்கள். கிறிஸ்தவர்களுக்கான கட்டத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு வேத வசனம், அதன் கீழே நாலைந்து வரி விளக்கம், கடைசியில் ஒரு வரி ஜெபம். அந்த வசனம் வேதப் புத்தகத்தில் எந்த அதிகாரத்தில் (அத்தியாயத்தில்) வருகிறது என்பதையும் சொல்லும்படி, அந்தக் கட்டத்தில் ஒரு சின்ன மாற்றத்தைக் கேட்டு வாங்கவே இந்தக் கடிதம். டிசம்பர் நெருங்குவதால் இப்போதே எழுதுகிறேன். 31-ம் தேதி இரவு ஆராதனை முடிந்ததும் சபைகளில் வாக்குத்தத்த அட்டைகள், அதாவது புத்தாண்டுக்குக் கடவுள் தரும் வாக்குறுதியாக ஒரு வேத வசனம் அச்சிட்ட அட்டைகள், கையில் கொடுக்கப்படும். சில இடங்களில் தட்டில் கவிழ்த்து வைத்து ஆளுக்கொன்று எடுக்கச் சொல்வார்கள். மறுநாள் அதே வசனங்கள் நாளிதழ் விளம்பரங்களிலும் வாட்ஸ்அப் படங்களிலும் சுற்றிவரும். படத்தின் அடியில் "ஆமென் என்று டைப் செய்யுங்கள்" என்று ஒரு வரியும் இருக்கும்.

அட்டை எடுப்பது தவறு என்று சொல்ல வரவில்லை. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொரேவிய சபையார் 1728-ல் தொடங்கி, 1731 முதல் ஆண்டுதோறும் புத்தகமாக அச்சிட்டு வரும் தினவசனத்தில் பழைய ஏற்பாட்டு வசனம் இன்றும் சீட்டுப் போட்டுத்தான் எடுக்கப்படுகிறது. ஆனால் அவர்கள் சீட்டில் வந்ததைத் தனியே விடுவதில்லை. அதற்குப் பொருந்தும் புதிய ஏற்பாட்டு வசனம் ஒன்றைத் தேடிச் சேர்த்து, ஒரு பாட்டின் அடியோ ஜெபமோ கூட வைத்து அச்சிடுகிறார்கள். நம் அட்டையில் அந்த இரண்டாவது வேலை இல்லை. வசனம் மட்டும், அதுவும் பல நேரங்களில் பாதி வசனம்.

பாதி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தமிழ்ச் சபைகளில் மிக அதிகமாக அச்சாகும் வாக்குத்தத்தங்களில் ஒன்று உபாகமம் 28:13, அதாவது பழைய ஏற்பாட்டிலுள்ள உபாகமம் என்ற புத்தகத்தின் 28-ம் அதிகாரம், 13-ம் வசனம். "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்; நீ கீழாகாமல் மேலாவாய்." காரின் பின்கண்ணாடியிலும் கடைத் திறப்பு விழா அழைப்பிதழிலும் பார்க்கலாம். வேதப் புத்தகத்தைத் திறந்தால் அந்த வசனம் இப்படித் தொடங்கவில்லை. கட்டளைகளைக் கைக்கொள்ளவும், அவற்றின்படி நடக்கவும், அவற்றுக்குச் செவிகொடுக்கவும் செய்தால் என்ற நிபந்தனை முதலில் வருகிறது. தலையாக்குவது அதற்குப் பிறகு. அட்டையில் இடம் போதாது என்று நிபந்தனையை வெட்டிவிடுகிறார்கள். அந்த அதிகாரம் மொத்தம் 68 வசனம். ஆசீர்வாதம் 14-ம் வசனத்தோடு முடிகிறது. 15 முதல் 68 வரை, கேளாமற்போனால் என்ன நேரும் என்பதுதான். 3-ம் வசனத்தில் பட்டணத்திலும் வெளியிலும் ஆசீர்வாதம். 16-ம் வசனத்தில் அதே பட்டணத்திலும் வெளியிலும் சாபம். 13-ல் உள்ள தலையும் வாலும் 44-ம் வசனத்தில் அப்படியே இடம் மாறிவிடுகின்றன. அங்கே அந்நியன் தலை, இவன் வால். கடன் கொடுப்பவன் அவன், வாங்குபவன் இவன்.

"கட்டளைகள்" என்றால் எவை என்று தேட வெகுதூரம் போகவேண்டாம். நாலைந்து பக்கம் முன்னால் புரட்டினால் போதும். 22:8, புது வீடு கட்டுகிறவன் ஒருவரும் விழுந்து சாகாதபடி மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும். 24:14-15, கூலிக்காரன் சொந்த இனத்தானாக இருந்தாலும் அந்நியனாக இருந்தாலும் பொழுது போகுமுன் அன்றைய கூலியைக் கொடுத்துவிடவேண்டும். அவன் ஏழை, அதன்மேல் ஆவலாக இருக்கிறான். 24:19, வயலில் மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகக்கூடாது. அது பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் உரியது. 25:13, பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு வித நிறைகல் வைத்திருக்கக்கூடாது. கடைத் திறப்பு அழைப்பிதழில் 28:13-ஐப் போடுகிறவர், கல்லாவுக்குப் பக்கத்தில் 25:13-ஐயும் ஒட்டிவைத்தால் பொருத்தமாக இருக்கும். ஒட்டிய கடை எதுவும் கண்ணில் படவில்லை.

அடுத்தது எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்று வருவது. தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கும், வேலைக்கு விண்ணப்பித்தவர்களுக்கும், குழந்தைக்காகக் காத்திருப்பவர்களுக்கும் இதைத்தான் கொடுக்கிறார்கள். இது ஒரு கடிதத்தின் நடுவிலிருந்து பிடுங்கிய வரி. எருசலேமிலிருந்து எரேமியா, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். முந்தின அதிகாரத்தை, அதாவது 28-ஐ, வாசிக்காமல் இந்தக் கடிதத்தின் கூர்மை தெரியாது. அங்கே அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்னிலையிலும் எழுந்து, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று கர்த்தரின் பேரால் அறிவிக்கிறான். பாபிலோனுக்கு அடங்கியிருக்கவேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் போடுகிறான். ஜனங்களுக்கு இதைவிட இனிப்பான வாக்குத்தத்தம் கிடைக்காது. கவனித்துப் பாருங்கள், 28:6-ல் எரேமியாவே அதற்கு "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார். அவருக்கும் ஆசைதான். ஆனால் ஆசை வேறு, கர்த்தர் சொன்னது வேறு. அதே வருஷம் ஏழாம் மாதத்தில் அனனியா இறந்துபோனான் என்று அதிகாரம் முடிகிறது.

அதன் பிறகு வரும் 29-ம் அதிகாரத்தில் எரேமியா எழுதும் கணக்கு இரண்டு வருஷமல்ல, எழுபது. 10-ம் வசனத்தில், 11-க்கு நேர் மேலே, அது இருக்கிறது. முப்பது வயதில் அந்தக் கடிதத்தைக் கேட்டவன் ஊர் திரும்பப்போவதில்லை. அதனால்தான் 5-ம் வசனத்திலிருந்தே சொல்லிக்கொண்டு வருகிறார்: வீடு கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பெண் கொடுத்துப் பெண் எடுங்கள். 7-ம் வசனத்தில், உங்களைச் சிறைபிடித்துக் கொண்டுபோன அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறார். இதைக் கேட்டவர்கள் யாரும் குதித்துக் கொண்டாடவில்லை. பாபிலோனிலிருந்த செமாயா என்பவன், இப்படி எழுதிய ஆளை ஏன் இன்னும் தண்டிக்காமல் விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டு எருசலேமிலுள்ள ஆசாரியனுக்குப் பதில் கடிதமே எழுதினான் (29:24-28). நாம் பூப்படத்தின்மேல் அச்சிடும் வசனம் இருந்த கடிதம், முதலில் வாசித்தவர்களில் சிலருக்குப் புகார் கொடுக்கும் அளவுக்குக் கசந்திருக்கிறது.

பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த வசனத்தைக் கொடுக்கக்கூடாதா? கொடுக்கலாம். ஆனால் மதிப்பெண்ணுக்கு உத்தரவாதமாகக் கொடுத்தால், மதிப்பெண் குறைந்த அன்று அந்தப் பிள்ளை இரண்டில் ஒன்றைத்தான் நினைக்கும்: கர்த்தர் பொய் சொன்னார், அல்லது என் விசுவாசம் போதவில்லை. சபைகளில் இரண்டாவதையே பெரியவர்கள் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். எழுபது வருஷத்தோடு சேர்த்து வாசித்த பிள்ளைக்கு இந்தச் சிக்கல் வராது. காத்திருக்கும் காலத்தில் வீடு கட்டு, தோட்டம் போடு என்பதும் அதே கடவுள் சொன்னதுதான் என்று அதற்குத் தெரிந்திருக்கும்.

பிலிப்பியர் 4:13 பற்றி அதிகம் எழுதவேண்டாம். "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதற்கு முந்தின வசனத்தில் பவுல் பட்டினியாக இருக்கவும் குறைவுபடவும் கற்றுக்கொண்டேன் என்கிறார். "எல்லாவற்றையும்" என்பதில் பட்டினியும் அடக்கம்.

வசனத்தை இடத்திலிருந்து பிடுங்கினால் என்ன ஆகும் என்பதற்கு வேதத்துக்குள்ளேயே ஒரு காட்சி உண்டு. லூக்கா 4-ல் இயேசுவை ஆலயத்தின் உப்பரிகையில் நிறுத்தி, "தாழக்குதியும்" என்று சொல்லும் பிசாசு, 91-ம் சங்கீதத்தைத்தான் எடுத்துக்காட்டுகிறான். அந்தச் சங்கீதத்தின் 11-ம் வசனத்தில் "உன் வழிகளிலெல்லாம்" என்று இருக்கிறது. மேற்கோளில் அந்தச் சொற்கள் இல்லை. 15-ம் வசனத்தில் "ஆபத்தில் நானே அவனோடிருந்து" என்று வருகிறது. ஆபத்தே வராது என்று அந்தச் சங்கீதம் சொல்லவில்லை. இயேசு கொடுக்கும் மூன்று பதில்களும் உபாகமம் 6, 8 ஆகிய அதிகாரங்களிலிருந்து வருகின்றன. வனாந்தரத்தில் நாற்பது வருஷம் அலைந்தவர்களுக்குச் சொல்லப்பட்ட பகுதி அது, அவரோ நாற்பது நாள் வனாந்தரத்தில் இருந்தவர். இடம் பார்த்து எடுத்த வசனம் எது, இடம் பார்க்காமல் எடுத்தது எது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

இனி, கையில் வந்த ஒரு வசனத்தை எப்படி ஜெபமாக்குவது என்பதற்கு வருகிறேன். முதல் வேலை, அந்த வசனத்துக்கு முன்னும் பின்னும் பத்து வசனமாவது சத்தமாக வாசிப்பது. யார் யாரிடம் பேசுகிறார், எந்த நிலையில் என்று ஒரே வரியில் சொல்லிப் பார்ப்பது; சொல்ல வராவிட்டால் இன்னும் மேலே போகவேண்டும். "செவிகொடுத்தால்", "நிலைத்திருந்தால்" போன்ற "ஆல்" ஏதாவது முன்பாதியில் இருக்கிறதா என்று பார்ப்பது. இதற்கு ஆறேழு நிமிஷம் போதும், விளக்கவுரைப் புத்தகம் வேண்டாம்.

பிறகு ஜெபம். 1535-ல் மார்ட்டின் லூத்தர், விட்டன்பர்க்கில் தமக்கு முடிதிருத்தும் பேத்தர் என்பவர் "எப்படி ஜெபிப்பது" என்று கேட்டதற்குப் பதிலாக ஒரு கடிதம் எழுதினார். வேதத்தில் ஒரு பகுதியை எடுத்து நான்கு கேள்வி கேட்கச் சொன்னார்: இது எனக்கு என்ன கற்றுக்கொடுக்கிறது, எதற்கு நன்றி சொல்ல வைக்கிறது, எதை அறிக்கையிட வைக்கிறது, எதைக் கேட்க வைக்கிறது. கடைசியில்தான் கேட்பது வருகிறது. நம் வீட்டு ஜெபங்களில் அதுதான் முதலில் வந்து முழு நேரத்தையும் எடுத்துக்கொள்கிறது. அந்தத் தொழில்காரருக்குப் புரியும்படி அவர் ஒன்று சொன்னார்: கத்தியைப் பிடித்திருக்கும் முடிதிருத்துநர் பராக்குப் பார்த்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தால் எதிரில் இருப்பவரின் மூக்கையோ தொண்டையையோ அறுத்துவிடுவார், ஜெபத்துக்கும் அந்தக் கவனம் வேண்டும் என்று. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்து சலித்துப்போகவேண்டாம், குறுகிய ஜெபத்தை அடிக்கடி செய்வதே நல்லது என்றும் சேர்த்துக்கொண்டார்.

எரேமியா 29:7-ஐ இப்படி நான்காகப் பிரித்தால் எப்படி வரும் என்று பாருங்கள். கற்பது: பிடிக்காத ஊரிலும் அந்த ஊரின் நன்மையைத் தேடச் சொல்கிறீர். நன்றி: விடிகாலையில் தண்ணீர் திறந்துவிடுகிறவருக்கும், தெருக் கூட்டுகிறவருக்கும், அரசு மருத்துவமனையில் இரவு முழுக்க விழித்திருக்கும் நர்சுக்கும். அறிக்கை: குப்பையை அடுத்த வீட்டு வாசலுக்குத் தள்ளியது, ஊரைக் குறை சொன்ன நேரத்தில் ஒரு நாளாவது அதற்காக ஜெபிக்காதது. கேட்பது: வார்டு உறுப்பினர் பெயரைச் சொல்லியே கேட்கலாம், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும். நான்கு நிமிஷத்தில் முடிந்துவிடும். வேலை கிடைக்கவேண்டும் என்ற சொந்த விண்ணப்பத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டால், அதுவும் வேறு தொனியில் வரும்.

குடும்ப ஜெபம் நின்றுபோவதற்கு நேரமின்மை காரணம் என்பார்கள். பல வீடுகளில் நீளம்தான் காரணம். இரவு ஒன்பதரைக்குத் தொடங்கி, பாட்டு ஐந்து சரணமும் பாடி, நீண்ட அதிகாரத்தை முழுதும் வாசித்து, அப்பா இருபது நிமிஷம் ஜெபித்தால் பிள்ளைகள் முழங்காலிலேயே தூங்கிவிடும். இன்னொரு பழக்கம், ஜெபத்துக்குள் புத்திமதி சொல்வது: "ஆண்டவரே, இந்தப் பிள்ளை செல்போனைக் குறைத்துக்கொள்ள உதவிசெய்யும்." அது ஆண்டவரிடம் சொன்னதல்ல என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும், மறுநாள் முதல் கண்ணை மூடினாலே காதையும் மூடிக்கொள்ளும். கீர்த்தனையில் பல்லவியும் ஒரு சரணமும், இருபது வசனத்துக்கு மேற்படாத வாசிப்பு, ஒரு நிமிஷம் மௌனம், லூத்தர் சொன்ன நான்கில் ஆளுக்கொன்றாகப் பிரித்துச் சொல்லும் ஜெபம், எல்லாரும் சேர்ந்து பரமண்டல ஜெபம். பதினைந்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது, சாப்பாட்டுக்கு முன் வைத்துக்கொண்டால் ஒருவரும் தூங்கமாட்டார்கள். என்ன வாசிப்பது என்று தெரியாதவர்கள் சங்கீதத்தில் தொடங்கலாம். ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம் 150 சங்கீதங்களையும் முப்பது நாளுக்குக் காலை மாலை எனப் பிரித்து வைத்திருக்கிறது. 176 வசனமுள்ள 119-ம் சங்கீதத்தை அதுவே 24-ம் நாள் மாலையிலிருந்து 26-ம் நாள் மாலை வரை ஐந்து துண்டாக்குகிறது. வீட்டுக்கு முப்பது நாள் கடினம். நாளைக்கு ஒன்று என்று ஐந்து மாதத்தில் முடிப்பதே நடைமுறை. நீளமானதை மட்டும் உடைத்துக்கொள்ளலாம்.

வரிசையாக வாசிப்பதில் இன்னொரு பயன் உண்டு: நாமாகத் தேர்ந்தெடுக்காத சங்கீதங்கள் வாயில் வரும். 23, 91, 121 என்று நம் கை போகும் சங்கீதங்கள் ஒரு பத்துதான். சங்கீதப் புத்தகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். தங்கள் ஆன்மிகக் கட்டத்தில் அவை வருவதே அரிது. 13-ம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம், நிதானமாக வாசித்தாலும் ஒரு நிமிஷம். முதல் இரண்டு வசனத்தில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை: எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை மறைப்பீர் என்று தொடங்கி, எதுவரைக்கும் சத்துரு என்மேல் தன்னை உயர்த்துவான் என்று முடிகிறது. அடுத்த இரண்டில் விண்ணப்பம்: நோக்கிப்பாரும், செவிகொடும், கண்களைத் தெளிவாக்கும். கடைசி இரண்டில்தான் நம்பிக்கையும் பாட்டும். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள், மரண வீட்டுக்குப் போகிறவர்கள் இந்த வரிசையைக் கவனிக்கவேண்டும். நாம் 5-ம் வசனத்திலிருந்து தொடங்கிவிடுகிறோம். கட்டிலில் இருப்பவர் இன்னும் முதல் வசனத்திலேயே இருப்பார். அவரால் நான்காவது வசனம் வரைதான் வரமுடிகிறதென்றால் அங்கேயே நிறுத்தி ஆமென் சொல்லலாம். மீதியை அவருக்காகச் சபை சொல்லிக்கொள்ளும். 88-ம் சங்கீதம் 18 வசனம் ஓடியும் துதிக்குத் திரும்பாமலே முடிகிறது. 39-ம் சங்கீதமும் அப்படித்தான். அவையும் வேதத்தில்தான் இருக்கின்றன, யாரும் அவற்றை வெட்டியெடுக்கவில்லை. துக்க வீட்டில் எரேமியா 29:11 அட்டையை நீட்டுவதைவிட 88-ஐ வாசித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பது மேல். பவுலும் தன் மாம்சத்திலுள்ள முள்ளுக்காக மூன்றுதரம் கேட்டார். கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப்போதும்" (2 கொரிந்தியர் 12:8-9). முள் எடுக்கப்பட்டதாக அங்கே எழுதியில்லை.

ஆசிரியரிடம் கேட்பது இவ்வளவுதான். வசனம் அச்சிடும்போது நிபந்தனைப் பாதியை வெட்டாதீர்கள். இடம் போதாவிட்டால் வேறு வசனம் எடுங்கள். வசனத்தின் அடியில் "வாசிக்க" என்று ஒரு வரி சேர்த்து, அதிகாரமோ பகுதியோ குறிப்பிடுங்கள். சீர்திருத்த சபையாரும் கத்தோலிக்கரும் வேறு வேறு பெயரில் தேடுவதால் புத்தகப் பெயரை இரண்டு விதமாகவும் போடுங்கள்: உபாகமம் அல்லது இணைச் சட்டம், சங்கீதம் அல்லது திருப்பாடல் என்பதுபோல. மாதத்தில் ஒரு நாளாவது புலம்பல் சங்கீதம் ஒன்றைப் போட்டு, அதற்கு ஆறுதல் விளக்கம் எழுதாமல் விடுங்கள். வாசகர்கள் தங்கள் பாட்டுக்கு ஜெபித்துக்கொள்வார்கள்.

சபை அட்டைகளை அச்சிடும் குருமார்களும் பாஸ்டர்களும் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள்தான். அட்டையின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. முன்பக்கம் எரேமியா 29:11 என்றால், பின்பக்கம் 29:4 முதல் 14 வரை சின்ன எழுத்தில் தாராளமாக அடங்கும். அச்சுக்கூலி கொஞ்சம் கூடும். சிவகாசிக்கு ஆர்டர் போகும் முன் சொல்லிவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை